சாட்சிக் கெண்டை

கார் இன்னும் வரவில்லை. வந்தால் கேட்டில் ஹாரன் அடிக்கும், ஹாரன் அடித்தால் வாளியைத் தூக்கி மீனைத் தொட்டியில் விட வேண்டும், விட்டால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று லோகநாதன் சொல்லியிருக்கிறான், அதற்குள் ஆடிட்டுக்கு வருகிற அந்தப் பெண் பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, ஆபீஸுக்கு டீ குடிக்கப் போய்விடுவாள். அப்புறம் மீன் என்னாகும் என்று கேட்டேன். அப்புறமேலுக்கு உங்க இஷ்டம் பெரியப்பா, வறுத்துத் தின்னாலும் சரி என்றான். சிரித்தான். மேனேஜர் சிரித்ததால் நானும் சிரித்துவைத்தேன். இப்போது வாளி என் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிறது, மேலே ஈரச் சாக்கு, உள்ளே அது திரும்பும்போதெல்லாம் வாளி என் கெண்டைக்காலில் இடிக்கிறது, கெண்டைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் சுவர், இதைச் சொன்னால் சிரிக்க ஒரு ஆளும் இல்லை. வெயில் தகரத்தில் அடித்துக் கீழே இறங்குகிறது. உள்ளே சாய மெஷின்கள் ஓடுகிற சத்தம், ஆவி, அழுகின முட்டை மாதிரி அந்த வாசம். இது சாயப்பட்டறை. பனியன் துணிக்கு நிறம் போட்டு, மிச்சமாகிற தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தொட்டிகள் பின்பக்கம் வரிசையாக இருக்கின்றன. நுரை பொங்கும் தொட்டி, சேறு படியும் தொட்டி, வடிகட்டும் மெஷின். வரிசையின் கடைசியில், சுத்தமான தண்ணீர் வெளியே வரும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரு மீன், மீனுக்குக் காவல் நான். தொட்டிக்கு மேலே ஒரு போர்டு, எங்கள் சுத்திகரித்த நீரில் இந்த மீன் வாழ்கிறது என்று ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும். அந்த நீரில் இந்த மீன் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. லாரியில் பவானி ஆற்றுத் தண்ணீர் வரும், அதைத்தான் ஊற்றுவோம். வடிகட்டும் மெஷின் போன மழைக்காலத்திலிருந்து சரியில்லை, குழாய்த் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். நாங்கள் நிறம் போடுகிற துணியில் சட்டை தைத்து விற்கிற கம்பெனி கடல் தாண்டி இருக்கிறது. ஆளைக் கசக்காமல், ஆற்றைக் கெடுக்காமல் செய்த சட்டை என்று கழுத்துச் சீட்டில் பச்சை இலை போட்டு விற்கிறார்கள். நாலு இலை வரைக்கும் வந்துவிட்டார்களாம். ஐந்தாவது இலை கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் அந்தப் பெண் வருகிறாள். முன்னால் வந்தவர்கள் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இவள் கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறதாம், தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று நம்பர் காட்டுமாம், குழாயிலும் முக்குவாளாம் தொட்டியிலும் முக்குவாளாம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் பவானித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். நம்பர் கூட இருந்தா என்னங்க தம்பி பண்றது என்றேன். மீன் உயிரோட நீந்தறப்ப நம்பரை யாரு பெரியப்பா கண்டுக்குவாங்க என்றான் லோகநாதன். கெட்டிக்காரன்தான். அவனுக்குச் சம்பளம் அதற்குத்தான்.

ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் என்றால் எவ்வளவு. பல்லடம் பஸ்ஸில் உட்கார்ந்து கண் அசந்தால் போகிற நேரம். மீனுக்கு அது எவ்வளவோ. வெள்ளைக்காரர்கள் வந்தால் எனக்குப் பயமே வந்ததில்லை, மனசுக்குள் ஒரு கொண்டாட்டம்தான் வரும், காலையிலேயே வேட்டிக்கு நீலம் போட்டு, முகம் வழித்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவர்கள் குனிந்து மீனைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள், ஏதோ கேட்பார்கள். நான் என் பாட்டுக்குத் தமிழில் சொல்வேன். லோகநாதன் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் மாற்றுவான். நான் என்ன சொன்னாலும் அவன் சொல்வது ஒன்றுதான் என்று ரொம்ப நாளைக்கு அப்புறம்தான் கண்டுபிடித்தேன். சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் வந்தபோது நொய்யல் ஆற்றில் நீலத் தண்ணீர் வந்த வருஷத்துக் கதையைச் சொன்னேன், அந்தத் தண்ணீரைக் குடித்த எருமைகள் எல்லாம் நீலமாய்ப் போனதும், பால் நீலமாய்க் கறந்ததும், அந்தப் பாலில் டீ போட்டு விற்றவன் மாடி வீடு கட்டினதும், கடைசியில் அவன் பெண்டாட்டிக்கு நீல விழியோடு குழந்தை பிறந்து ஊரே யாரையோ சந்தேகப்பட்டதும். டீக்கடைக்காரன் வீட்டைக் கை நீட்டிக் காட்டினேன். அங்கே இருந்தது டிரான்ஸ்ஃபார்மர். லோகநாதன் நாலே வார்த்தையில் முடித்தான். தாடிக்காரர் குட் குட் என்றார். தண்ணி தினமும் மாத்தறோம்னு சொன்னேன் என்றான் அப்புறம். அதிலிருந்து எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒருத்தரிடம் இந்த மீன் என் கொழுந்தியா மகன் என்றேன். ஒருத்தரிடம் மேனேஜருக்குத் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்றேன், அதையும் அவன் முகம் மாறாமல் ஏதோ நல்லதாக மாற்றிச் சொன்னான், அந்த ஒரு விஷயத்தில் அவனை மெச்ச வேண்டும். அப்புறம் பூனைக் கண்ணோடு ஒரு அம்மாள் வந்தாள், மீனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் எருமைக் கதையைத்தான் ஆரம்பித்தேன், வாயில் வந்தது என் பெண்டாட்டி மயிலாத்தா. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலையில் அவள் என் கையைத் தள்ளிவிட்டதைச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டாள், ஏன் தள்ளினாள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, கோபமா, தொண்டை இறங்கவில்லையா, என்னை வேறு யாரோ என்று நினைத்தாளா. அந்த அம்மாள் என் தோளில் கை வைத்தாள். லோகநாதன் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் அவள் முகம் மலர்ந்து வெரி நைஸ் என்றாள். எல்லாருக்கும் கையுறை கொடுக்கறோம்னு சொன்னேன் பெரியப்பா என்றான். ஆனால் அவள் கை வைத்தது அதற்கு முன்னால். அவன் சொல்வதற்கு முன்னால்தான் வைத்தாள். இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், முதலில் கை, அப்புறம்தான் இங்கிலீஷ்.

ஹாரனா அது. இல்லை, தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிறான். வாளியை இன்னும் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளினேன். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மேலே வந்து வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. தென்னம்பாளையம் மீன் சந்தையில் உயிரோடு வாங்கி வந்தது, பவானிசாகர் அணை மீன் என்றான் விற்றவன், குழம்புக்குப் போக வேண்டியது இங்கே உத்தியோகத்துக்கு வந்துவிட்டது. இதற்கு முன்னால் இருந்தவை வந்த வேகத்தில் போய்ச் சேர்ந்தன, இது மட்டும் நின்றுகொண்டது, விரல் நீளத்தில் வந்து முழங்கை நீளத்துக்கு ஆகிவிட்டது. நான் பொட்டுக்கடலையை மென்று கூழாக்கிப் போடுவேன், மெல்லாமல் போட்டால் துப்பிவிடும், பெரிய இடத்துப் பிள்ளை. மயிலாத்தா இருந்த வரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என் கதைக்கு உம் கொட்டுவாள். நம்புகிறாளா இல்லையா என்று தெரியாது. கண் முறத்தில் இருக்கும், உம் மட்டும் சரியான இடத்தில் வரும், கதையில் ஓட்டை விழுகிற இடத்தில் வராமல் நின்றுவிடும், நான் அந்த இடத்தை ஒட்டுப் போட்டு மறுபடி சொல்வேன், அப்போது வரும். அவள் போன பிறகு கதையில் எங்கே ஓட்டை என்று எனக்கே தெரிவதில்லை. பையன் சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களாப்பா. சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்குதுங். நல்லா இருக்குது. மருந்து இருக்குதுங்களா. இருக்குது. சரி, வெச்சர்றேனுங். அவனும் ஒரு ஆடிட் முடித்துக்கொண்டான், எல்லாக் கட்டத்திலும் சரி போட்டாச்சு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் பாஸ். குறை சொல்லவில்லை. அவன் கேட்கிறான், நான் ஆம் என்கிறேன், எனக்கும் அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மீனிடம் வருகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் எதிரே வந்து நிற்கும், வாயைத் திறந்து மூடும், கேட்காவிட்டாலும் உம் கொட்டுகிற வாய் அது. நேற்றுக்கூட வீரபாண்டியில் கிணறு வெட்டினபோது அடியில் ரயில் தண்டவாளம் கிடைத்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன், பாக்கியை இன்றைக்குச் சொல்வதாக இருந்தேன். இன்றைக்கு என்ன சொல்வது. தொட்டியில் விடுகிறபோது என்ன சொல்லி விடுவது. தாங்கிக்கடா என்றா. அது முதலில் கீழே போகும். அடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றும், அப்புறம் மேலே வந்து காற்றைக் குடிக்கும், அப்புறம் பக்கவாட்டில் சாயும். போன மாதம் சின்ன மீன்களை விட்டு லோகநாதன் பார்த்தான், கையில் வாட்சோடு. அதனால்தான் அவனுக்கு அந்த ஒரு மணி நேரம் தெரியும். பெரிய மீன், இன்னுங் கொஞ்ச நேரங்கூடத் தாங்கும் பெரியப்பா என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

இலை கிடைக்காவிட்டால் என்ன. என்ன ஆகும் என்று வளர்மதி சொல்லிவிட்டுத்தான் போனாள். உலர்த்துகிற மெஷினில் நிற்கிறவள், டீ டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள், கை மணிக்கட்டு வரைக்கும் இன்றைக்கு மெரூன் சாயம், அப்புச்சி, வர்ற பொண்ணு நாகர்கோவிலாமா, தமிழ்ல பேசுமாமா, உங்க எருமைக் கதையெல்லாம் எடுத்து விட்றாதீங்க, இலை போச்சுன்னா அந்த ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிரும், ஆர்டர் போனா நாங்கதான் மொதல்ல போவோம் என்றாள். வேற பட்டறை என்றால் எங்கே, மீன் தொட்டியே இல்லாத பட்டறை, ராத்திரியில் சாயத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுகிற பட்டறை, அப்படியும் இருக்கிறார்கள். அவள் சொல்வது சரிதானே. ஒரு கெண்டைக்கும் இவ்வளவு பேர் சாப்பாட்டுக்கும் தராசு போட்டால் எது இறங்கும் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மீன் என்ன, நாளைக்கு இன்னொன்று வாங்கலாம் என்று மனசு சொல்கிறது, சொன்ன அடுத்த நிமிஷம் தென்னம்பாளையத்தில் பலகையில் வரிசையாகப் படுத்திருக்கிற மீன்களின் கண் ஞாபகம் வருகிறது, நான் மீன் தின்னாத ஆளா, மயிலாத்தா வைக்கும் குழம்பில் தலையைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் தின்கிறவனைப் பார்த்து அவை வாய் திறந்து மூடியதில்லை. அது இல்லை, பயம் வேறு. பயம் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் என்பதில் இருக்கிறது. பிரின்சி என்று பேராம். இத்தனை வருஷத்தில் நான் சொல்வதை அப்படியே கேட்கப் போகிற முதல் ஆள். நடுவில் லோகநாதன் இருக்க மாட்டான். நான் மயிலாத்தா என்றால் அவளுக்கு மயிலாத்தா என்றுதான் கேட்கும், கையுறை என்று கேட்காது. இதற்குத்தானே ஏங்கிக்கொண்டு இருந்தேன், இப்போது வருகிறாள் என்றதும் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தேடுகிறேன். வாங்க கண்ணு என்று ஆரம்பிக்கலாம். வாங்க கண்ணு, இந்த மீனுக்குப் பத்து வயசு. வேண்டாம். வாங்க கண்ணு, உங்க ஊர்ல கடல் இருக்குது, எங்களுக்கு இந்தத் தொட்டிதான். அதுவும் வேண்டாம், சிரித்துவிடுவாள், சிரித்தால் நல்லதுதானே. முதல் வாக்கியம் கிடைத்தால் மிச்சம் தானாக வரும், எப்போதும் வந்திருக்கிறது, முதல் வாக்கியம் இன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது.

ஹாரன் அடிக்கவே இல்லை. தாத்தா, மீன் ஏன் வாளிக்குள்ள கெடக்கு என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. பார்த்தால் தோளில் ஒரு பை, காலில் புழுதி, காரில் வரவில்லை, மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்கிறாள், பின்பக்கத்துச் சின்ன கேட் வழியாக. முன்கேட்டில் சால்வையோடு நின்ற லோகநாதன் விஷயம் தெரிந்து ஓடி வருகிறான், மூச்சு வாங்குகிறது, எனக்குக் கண்ணைக் காட்டுகிறான். என் கை சாக்கின் மேல் இருந்தது. வாய் தானாக ஆரம்பித்தது. மத்தியானத்தில் இதற்கு ஒரு தூக்கம் வேண்டும் கண்ணு, கண்ணாடித் தொட்டியில் தூங்காது, தன் முகமே நாலு பக்கமும் தெரிகிறதில்லையா, யாரோ சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று உபசாரம் பண்ணிக்கொண்டே இருக்கும், அதனால் தினமும் இந்த நேரத்துக்கு வாளியில் எடுத்துப் படுக்க வைத்துவிடுவேன் என்று சொன்னேன். அவள் எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ம் என்றாள். சொந்தக்காரர்கள் போன பிறகுதான் தூங்கும், ஆனால் அவர்கள் போவதே இல்லை பாருங்கள் என்றேன். ம். சரியான இடத்தில் வந்தது. பேனாவை எடுத்துக் குழாயில் முக்கினாள், தொட்டியில் முக்கினாள், இரண்டு நம்பரும் ஒன்றுதான் போலிருக்கிறது, புருவத்தைச் சுருக்கினாள். உப்பு கொஞ்சங் கூடத்தானுங்க மேடம், அதுல மீனே இருக்குதுங்களே என்றான் லோகநாதன். அவள் வாளியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தூங்கி எந்திச்சாச்சுல்லா தாத்தா. இத தொட்டியில விடுங்க, பாப்போம். நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

லோகநாதன் முகத்தைப் பார்த்தேன். டீ சாப்பிட்டுட்டே பேசலாங்க மேடம் என்றான். அதுக்குப் பொறவு குடிப்பம் என்றாள் அவள். விடுங்க பெரியப்பா என்றான் என்னிடம். சாக்கை எடுத்தேன். வாளியின் கைப்பிடியைப் பிடித்தேன். மெஷின் சத்தம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. வளர்மதி உலர்த்தும் கூடத்தின் வாசலில் நின்று பார்க்கிறாள், மெரூன் கை இடுப்பில். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது. தூக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாகத் தூக்கத்தான் நினைத்தேன், தராசு எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்தவன்தானே. கை வரவில்லை. ஒரு கதை சொன்னால் தப்பிக்கலாம், இதற்கு இன்றைக்கு விரதம், அமாவாசைக்குத் தொட்டியில் இறங்காது, ஏதாவது. உள்ளே தேடினேன், எருமை இல்லை, தண்டவாளம் இல்லை, ஒன்றுமே இல்லை, தண்ணீர் வற்றின கிணறு மாதிரி கிடந்தது.

"மாட்டனுங்."

"ஏன் தாத்தா?"

"செத்துப் போயிருமுங்க."

லோகநாதன்தான் முதலில் சிரித்தான். இந்தப் பெரியப்பா இப்படித்தானுங்க மேடம், வாயத் தொறந்தா கதை, பட்டறையில யாரை வேணாலும் கேளுங்க, எருமை நீலமாப் போச்சும்பாரு, இதுவும் அந்த மாதிரிதான் என்றான். சொல்லிக்கொண்டே குனிந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்தான். நான் விடவில்லை. அவன் இழுத்தான், நான் இழுத்தேன், இரண்டு பெரிய மனுஷர்கள் ஒரு வாளிக்கு, தண்ணீர் அவன் பேண்டிலும் என் வேட்டியிலும் சிந்தியது. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உண்மைக்கு என் கதைகளே எதிர்சாட்சி சொல்கின்றன, இப்படி ஒரு கூத்து வேறு யாருக்கு நடக்கும். விடுங்க சார் என்றாள் அவள். சத்தம் போடவில்லை. தாத்தா மொதல்ல சொன்னது கதைன்னு எனக்குத் தெரியும், கதை சொல்லும்ப அவருக்குக் கை நடுங்கல்ல என்றாள். என் கையைப் பார்த்தேன். கைப்பிடியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் எழுதினாள். கொஞ்சம்தான் எழுதினாள். லோகநாதன் அவளை ஆபீஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனான், ஏதேதோ சொல்லிக்கொண்டே, இங்கிலீஷில். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் மயிலாத்தா கையைத் தள்ளிவிட்டதைக்கூடச் சொல்லியிருப்பேன், அவளிடம் கேட்டிருக்கலாம், பெண்ணாயிற்றே, தெரிந்திருக்கும். திரும்பிப் பார்ப்பாளா என்று நின்றேன். ஒரு தடவை பார்த்தாள், பார்த்தது என்னையா போர்டையா என்று தெரியவில்லை. வளர்மதி வாசலில் இல்லை. டீ டம்ளரை எடுக்க யாரும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து லோகநாதன் வந்தான். திட்டுவான் என்று இருந்தேன். திட்டவில்லை, தொட்டியின் விளிம்பைத் துண்டால் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான், இலை இல்லீன்னு எழுதிட்டாங்க, கிளம்புங்க பெரியப்பா, நாளைக்கு வர வேண்டாங்க என்றான். வாளி கம்பெனியோடது. அதை அவன் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வாளியை மடியில் வைத்துக்கொண்டேன், வேட்டி ஈரம் தொடைவரைக்கும் ஏறுகிறது. வளர்மதி நாளைக்கு என்ன பண்ணுவாள், வேறு பட்டறைக்குப் போவாள், அங்கே என்ன நிறமோ. என்னைத் திட்டுவாள், திட்டட்டும், திட்டுகிற அளவுக்காவது ஞாபகம் இருக்குமே. வீட்டில் பித்தளை அண்டா இருக்கிறது, இதை அதில் விடலாம் என்றுதான் ஏறும்போது நினைத்தேன், கூட இருக்கும், ராத்திரிக்குத் துணை. பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருவில் போர் தண்ணீர், அதுவும் கரிக்கும், பட்டறைக் குழாயில் வருகிற அதே கரிப்பு. எனக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன், அதையே நாளெல்லாம் தொண்டை நனைக்க மட்டும் குடிக்கிறேன், அண்டாவை நிரப்ப எங்கே போவேன். என் வீட்டுத் தண்ணீரை இதுவரை ஒருத்தரும் மீட்டர் போட்டுப் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக நான் இருக்கிற இடத்தில் இது ஒரு ராத்திரி தாங்காது. அப்படியானால் நான் எப்படித் தாங்கினேன் என்று ஒரு யோசனை வந்து, அதைப் பிடித்துக்கொண்டு போகப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். கண்டக்டர் வந்தான். சின்ன வயசு, காதில் பேனா. சாக்கை விலக்கிப் பார்த்தான்.

"என்னுங் பெரியவரே, குழம்புக்குங்களா?"

"ஒறம்பரைங்க, சொந்தக்காரரு. ஊருக்குக் கொண்டுபோய் விடப் போறேன்."

"ஒறம்பரைக்கும் டிக்கெட் போடோணுமே. எந்த ஊருங்க?"

என் ஸ்டாப்பைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தப் பஸ் கடைசியாக எங்கே போகிறது என்று கேட்டேன். சத்தியமங்கலம் என்றான். பவானி ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிற இடம், பாலத்துக்குக் கீழே படித்துறை, இறங்கினால் முட்டிவரைக்கும் தண்ணீர். திரும்பி வரும்போது வாளி காலியாக இருக்கும். அதை நினைத்தபோது மடியில் அது ஒரு தடவை பலமாகத் திரும்பியது, நான் இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டேன். சத்திக்கே ஒண்ணு குடுங்க என்றேன். அவன் கிழித்துக் கொடுத்தான். போகிற போக்கில், சத்தியில உங்களுக்கு யாருங்க இருக்கறாங்க என்று கேட்டான்.

"இனிமேல்தானுங்க ஒருத்தர் இருப்பாரு."